மஞ்சள் சுடிதாரில் குதித்தவர்

தண்டையார்பேட்டைத் தியேட்டரில் ஒரு மேட்னி ஷோவில்தான் அவரைப் பார்த்தேன். பக்கத்து இருக்கை. ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத கெடா மீசை. வலது முழங்காலைத் தடவிக்கொண்டே படம் பார்த்தார்.

நாயகனும் நாயகியும் உளவாளிகள். சண்டையும் சிரிப்புமாகப் போன படத்தில், காசிமேட்டில் எடுத்த கட்டம் வந்தது. மஞ்சள் சுடிதாரில் நாயகி கன்டெய்னர் மேலிருந்து குதித்து, கீழே நின்ற நாயகனையும் மீன்கூடைகளையும் சேர்த்துச் சாய்த்தாள். தியேட்டரே சிரித்தது. அவர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடைசி வரிசை வரைக்கும் சிரிக்கிறதா என்று பார்த்தார்.

"குதிச்சது நான்தான் சார். அந்தப் பொண்ணுக்கு டூப்பு" என்றார்.

நான் மீசையைப் பார்த்தேன்.

"அப்ப எடுத்துட்டேன். வூட்டுக்குப் போனா எம் பொண்ணு யாரோன்னு பயந்து அயுதுகினு கீது."

திரையில் மீன்களுக்கு நடுவே கிடந்தபடி நாயகன், "வலிக்குதா?" என்று குழைந்தான். நாயகி வெட்கத்தோடு தலையைச் சாய்த்து, இல்லையென்று அசைத்தாள்.

"இன்னா நைசா கேக்குறான் பாரு. அன்னிக்கி என்னாண்ட, ஒன் மோர் டேக் போலாமான்னுதான் கேட்டாங்கோ."

"போனீங்களா?"

"பின்ன? இப்ப நீ சிரிச்சியே, அது ரெண்டாவது வாட்டி குதிச்சது."

பாட்டு தொடங்கியது. அவர் கை மறுபடி முழங்காலுக்குப் போனது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு அந்தக் கெடா மீசையோடு, நாயகியைப் போலவே தலையைச் சாய்த்து, இல்லையென்று அசைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.