நிதானத்தில் இருந்தவர்

"நம்ம தமிழய்யா தவறிட்டாக டீச்சர்" என்று பள்ளி கிளார்க் போனில் சொன்னார். சுருளிப்பட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிய செல்வராசு ஐயாவுக்கு வழியில் மாரடைப்பு. தென்னந்தோப்பு ஓரம் படுத்திருக்கிறார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்து, பார்த்தவர்களெல்லாம் கடந்து போயிருக்கிறார்கள். ஒருவராவது குனிந்து பார்த்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. துக்க வீட்டிலும் ஒருவர் வாய் கூசாமல் கேட்டார், "நிதானத்துலதான் இருந்தாகளா?"

காமயகவுண்டன்பட்டிப் பள்ளியில் அவர் தமிழ், நான் கணக்கு. ஒரு காலத்தில் அவர் குடித்தது உண்மை. மகள் பிறந்ததும் விட்டுவிட்டார். அந்த மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. ஊர்தான் விடவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் அவர் கண் கொஞ்சம் சிவந்திருந்தால் போதும், 'நிதானத்துலதான் இருக்காகளா' என்று ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அவர் கோபப்பட்டதில்லை. "இந்த ஒத்தை வார்த்தைய வச்சுத்தான் ஊரே என்னைய அளக்குது. அது எங்கருந்து வந்துச்சுன்னாவது தெரிஞ்சுக்கிறேனே" என்பார்.

தேடவும் செய்தார். குமுளியில் வாங்கிய மலையாளப் பேப்பரில் நிதானம் என்றால் காரணம். கன்னடம் பேசும் எங்கள் வீட்டில் அது 'மெதுவாக'. கம்பத்துச் சித்த வைத்தியரோ, நோயின் மூலத்தைக் கண்டுபிடிப்பதுதான் நிதானம் என்றாராம். எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டில் எனக்குப் பரிமாறுவார். ரசம் ஆறிப்போகும்.

ஒருநாள் கனத்த அகராதியோடு என் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "வடமொழியில ஆதியில இது கன்னுக்குட்டியக் கட்டுற கயிறாம் டீச்சர். அத்துக்கிட்டு ஓடுனவன் நான். எம்மகதான் பிடிச்சுக் கட்டிருக்கா." பிள்ளைகள் புரியாமலே சிரித்தார்கள்.

துக்க வீட்டில் அந்தக் கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி மல்லிகா நிமிர்ந்தார். குரல் உயரவில்லை.

"வண்டிய ஓரங்கட்டி ஸ்டாண்டு போட்டுருக்காக. சாவியக் கழட்டிச் சட்டைப்பையில வச்சிருக்காக. செருப்பக் கழட்டி ஜோடியா வச்சிட்டுத்தான் படுத்திருக்காக. இதுக்கு மேல என்ன நிதானம் வேணும்?"

கேட்டவர் எழுந்து வெளியே போனார்.

ஐயா சேர்த்த பொருள்கள் பல. நான் வைத்துக்கொள்வது அவர் அகராதியில் பார்க்காத ஒன்றை. இனி யார் நிதானம் என்று சொன்னாலும், தோப்போரம் ஒழுங்காகக் கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்புதான் என் கண்ணில் தெரியும்.