அக்கா கொண்டுவந்த அரபாஹோ வழக்கம்

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மண்டபத்தில் ஒரு வேலை இருக்கிறது. அக்கா விட்டுச்சென்ற பொருள்களை எல்லாம், உங்கள் பெயர்களைக் கூப்பிட்டு, உங்கள் கைகளில் கொடுக்கப் போகிறோம். இது எங்கள் ஊர் வழக்கமல்ல. அமெரிக்கப் பூர்வகுடிகளான அரபாஹோ மக்களிடமிருந்து அக்கா கொண்டுவந்த வழக்கம். நீங்கள் அதை ஏன் வாங்கியே ஆகவேண்டும் என்று விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். நான் எலக்ட்ரிக் வேலை செய்கிறவன், எழுத்தாளன் அல்லன். பிழை இருந்தால் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சிரியுங்கள், என் முன்னால் வேண்டாம்.

அக்கா யாழ்ப்பாணத்து வேலணையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு ஒரே தம்பி. ஐயா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், அக்காவைப் படிப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அக்கா லண்டனுக்குப் படிக்க வந்த கொஞ்சக் காலத்தில் ஐயா காலமானார். ஊரில் நிலைமை மோசமாகி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உதவியும் நின்றுபோனது. வேறு யாராவது என்றால் படிப்பை விட்டிருப்பார்கள். அக்கா வெம்பிளியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டே பட்டம் பெற்று, சரித்திர ஆசிரியையாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கண்மூடும்வரை தன்னோடு வைத்துப் பார்த்தார். நான் ஜேர்மனியில் இருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு மாறியபோது எட்மண்டனில் வீடு தேடித் தந்ததும் அவர்தான். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு, கேட்ட ஆளைப் பார்த்து விதம் விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு பதிலும் உண்மையில்லை, எனக்குத் தெரியும்.

இங்கே பள்ளிக்கூடங்களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பற்றி ஒரு சரித்திரப் பாடம் உண்டு. எங்கள் பிள்ளைகள் பலர் அதைப் படித்துச் சோதனை எழுதியிருப்பார்கள். அதில் புல்வெளியில் வாழ்ந்த பூர்வகுடிகள் என்று ஓர் அத்தியாயம் வரும். எருமை மாடு, கூடாரம், குதிரை, அவ்வளவுதான். அக்காவுக்கு அந்த அத்தியாயத்தைக் கண்டாலே கோபம் வரும். "இருக்கிற சனம் எல்லாத்தையும் ஒரு சாக்குக்குள்ளை போட்டுக் கட்டி வைச்சிருக்கிறாங்கள். ஆர் ஆரெண்டு ஒரு வார்த்தை இல்லை" என்பார். ஆசியாக்காரர் என்ற ஒரே சாக்குக்குள் எங்களையும் போட்டுக் கட்டும் நாட்டில் இருந்துகொண்டு, அக்காவால் அதைச் சும்மா விட ஏலவில்லை. யார் யார் என்று தேடத் தொடங்கினார். அப்படித்தான் அரபாஹோ மக்கள் எங்கள் குடும்பத்துக்குள் வந்தார்கள்.

அக்காவிடம் பாடம் கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் தங்களை ஹினோனோஎய் என்று சொல்வார்கள். ரொக்கி மலைகளின் அடிவாரமும் அதற்குக் கிழக்கே விரியும் புல்வெளியும் அவர்கள் வாழ்ந்த நிலம். இன்றைக்கும் அங்குள்ள சில மலைகளின் பெயர்கள் அவர்கள் வைத்த பெயர்கள்தான். தங்கம் இருக்கிறது என்று வெள்ளையர் வந்து குவிந்தபோது ஒப்பந்தம் எழுதினார்கள், பிறகு அதை மீறினார்கள், பிறகு இன்னும் சிறிய நிலத்துக்கு இன்னொரு ஒப்பந்தம் எழுதினார்கள். சாண்ட் கிரீக் என்ற ஆற்றங்கரையில், பாதுகாப்புத் தருகிறோம் என்ற வாக்கை நம்பி, அரபாஹோக்களும் அவர்களின் நட்பு மக்களான ஷையன்களும் அமெரிக்கக் கொடி ஏற்றிக் கூடாரம் போட்டிருந்தார்கள். விடியும் நேரத்தில் அமெரிக்கப் படையே வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். அந்த இடத்தைப் படிப்பிக்கும்போது அக்கா புத்தகத்தை மூடிவிட்டுத்தான் கதைப்பாராம். அவரிடம் படித்த பிள்ளைகள் சொன்னது.

பிறகு அந்த மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தெற்கே போனவர்கள் இன்று ஒக்லஹோமாவில் இருக்கிறார்கள். வடக்கே இருந்தவர்களைக் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, வயோமிங்கில் விண்ட் ரிவர் என்ற இடத்தில், அவர்களோடு நெடுங்காலம் சண்டை பிடித்த ஷொஷோனி மக்களின் நிலத்திலேயே அரசாங்கம் கொண்டுபோய் விட்டது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிப்பார். கொஞ்ச நாளைக்கு என்று சூட்கேசோடு வந்தவர்கள்தானே நாங்களும்.

ஆனால் துன்பக் கதையோடு அவர்களை முடித்துவிடுவது அக்காவுக்குப் பிடிக்காது. அங்கே பெண்கள் முள்ளம்பன்றியின் முள்ளை வாயில் வைத்து மென்மையாக்கி, சாயம் தோய்த்து, தோலிலே கோலமாகத் தைப்பார்களாம். வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால், அவர் சுகப்பட வேண்டும் என்று நேர்ந்து ஒரு போர்வை தைத்து முடிப்பார்களாம். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போகும் வழியில் அக்கா இதைச் சொல்ல, காவடிக்கு நேர்ந்திருந்த என் மனைவி சட்டென்று விளங்கிக்கொண்டார். அந்த மக்கள் புனிதமாகக் காக்கும் புகைக்குழல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எத்தனையோ தரம் கேட்டேன். "அது அவையின்ரை. எனக்குத் தெரிஞ்சாலும் நான் கதைக்கக் கூடாது" என்று வாயை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் வகுப்பெடுக்கும் அக்கா ஒரு விசயத்தில் மட்டும் அப்படி இருந்தது எனக்கு அதிசயம்தான்.

ஒரு கோடை விடுமுறையில் அக்கா தனியாகச் சாண்ட் கிரீக்கைப் பார்க்கப் போனார். அங்கே வயோமிங்கிலிருந்து தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்த ஓர் அரபாஹோ ஆசிரியையைச் சந்தித்தார். இரண்டு வாத்திமார் சந்தித்தால் என்ன நடக்கும், கதை நிற்கவில்லை. அங்கே ஒரு காலத்தில் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தலைமயிரை வெட்டி, சொந்த மொழி பேசினால் அடித்திருக்கிறார்கள். இப்போது அந்த மொழியை நன்றாகப் பேசுகிறவர்கள் அநேகமாக முதியவர்கள்தான். அந்த ஆசிரியை சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் திரும்பப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அக்காவைவிட வயது கூடியவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு வயோமிங் அக்கா என்று பெயர்.

அடுத்த முறை அக்கா விண்ட் ரிவருக்கே போனார். வயோமிங் அக்காவின் தாயார் இறந்து ஓராண்டு நிறையும் நாள் அது. பெரிய மண்டபம், முதியவர்களுக்கு முதலில் சாப்பாடு, பிரார்த்தனை. பிறகு கம்பளிகள், துணிகள், சட்டி பானைகள் என்று ஒரு குவியலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். துக்க வீட்டார் எழுந்து நின்று, உதவி செய்தவர்களின் பெயர்களைச் சபையில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். இறந்தவரின் பொருளும் உண்டு, அதற்கென்றே ஒரு வருடமாகச் சேர்த்ததும் உண்டு. திடீரென்று அக்காவின் பெயரையும் கூப்பிட்டு ஒரு நல்ல கம்பளியை நீட்டினார்கள்.

இங்கேதான் எங்கள் அக்கா, யாழ்ப்பாணத்து மனிசி மட்டும் செய்யக்கூடிய பிழையைச் செய்தார். வேண்டாம் என்றார். எங்கள் ஆட்களுக்கு இது சொல்லி விளங்கவேண்டியதில்லை. முதல் தரத்திலேயே கையை நீட்டினால் காணாததைக் கண்டவர்கள் மாதிரி அல்லவா? ஒரு தேத்தண்ணிக்கே மூன்று தரம் வேண்டாம் சொல்லித்தானே குடிக்கிறோம். அக்காவும், நான் அப்படி என்ன செய்துவிட்டேன், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மரியாதையாகப் பின்வாங்கினார். அவர்கள் திரும்ப நீட்ட, திரும்பவும் வேண்டாம் என்றார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வயோமிங் அக்கா கம்பளியைக் கையில் ஏந்தியபடி நடுவில் நின்றார். அக்காவின் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாராம்: இது உனக்கான உபசாரம் அல்ல, எங்கள் துக்கத்தை நாங்கள் இறக்கி வைக்கிறோம், நீ அதைத் தடுத்துக்கொண்டு நிற்கிறாய். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதுவிட்டார். அடுத்த வருடமே அந்தக் கம்பளியைக் ஊரிலிருந்து குளிரில் வந்திறங்கிய ஒரு பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்தும் விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டதற்கு, கொடுக்கத்தானே தந்தவர்கள் என்றார்.

கடைசிக் காலத்துக்கு வருகிறேன். புற்றுநோய் என்று தெரிந்ததும் வெம்பிளி வீட்டை விட்டு எங்கள் வீட்டு மேல்மாடி அறைக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் செய்த ஆள், படுக்கையில் கிடந்தபோது ஒருவரையும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. சூப் கொண்டுவந்தால் குடித்தார், காலைப் பிடித்துவிட்டால் விட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என்ரை ஆண்டுத்திவசத்திலை எல்லாத்தையும் குடுத்திடு. நல்லதை ஒளிச்சு வைக்காதை. குடுத்து முடிச்ச பிறகு நீ அழக் கூடாது" என்றார். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல ஏலும்?

அக்கா போன பிறகு அந்த அறையை நான் பூட்டி வைத்தேன். கட்டில் விரிப்பைக்கூட மாற்றவிடவில்லை. வேலை முடிந்து வந்தால் மேலே போய்க் கதிரையில் இருப்பேன். மனைவி என்னைப் பற்றிப் பயந்துபோயிருந்தார் என்பது இப்போது தெரிகிறது. ஆண்டு நெருங்கியதும் வெம்பிளியில் இருக்கும் எங்கள் சின்னம்மாவிடம், அம்மாவின் தங்கையிடம், விசயத்தைச் சொன்னேன். சின்னம்மா கொதித்துப்போனார். "செத்த பிள்ளையின்ரை சீலையைச் சபைக்கு நடுவிலை வைச்சு ஏலம் போடப்போறியே? ஆர் அதை உடுக்கிறது?" என்று கேட்டார். சின்னம்மா எதிர்த்தால் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. அறையைத் திறக்கத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து வயோமிங் அக்கா வீடியோவில் அழைத்தார். பக்கத்தில் இருக்கிறவர் யார் என்று கேட்டார். அம்மாவின் தங்கை என்றேன். அப்படியென்றால் உன் அம்மா என்று சொல், எங்கள் மொழியில் அம்மாவின் சகோதரிக்கு வேறு சொல் கிடையாது, அவரும் அம்மாதான் என்றார். எங்களிடமும் அப்படித்தான், சின்ன அம்மா என்றுதான் அர்த்தம் என்றேன். அவர் சின்னம்மாவை நேரே பார்த்து, மகளை இழந்துவிட்டீர்களே, எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அந்த ஒரு வருடமாக எல்லோரும் என்னைத்தான் விசாரித்திருக்கிறார்கள். தம்பிக்காரன் பாவம், தம்பிக்காரன் பாவம் என்று. சின்னம்மாவை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அக்கா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர். சின்னம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் வாங்கிற ஆள் இல்லை, குடுக்கிற ஆள். அறையைத் திற" என்றார்.

திறந்தோம். சீலைகளைத் தோய்த்து மடித்து அடுக்கியவர் சின்னம்மாதான். ஏலம் என்று சொன்ன அதே ஆள், தன் கலியாணச் சீலையையும் கொண்டுவந்து மேலே வைத்திருக்கிறார். அக்காவுக்காகக் கொடுப்பதாம்.

ஆகவே இன்று நன்றி என்ற சொல்லை மட்டும் தந்துவிட்டு உங்களை அனுப்பமாட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த, பக்கத்து வீட்டு மலேசிய அண்ணருக்கும் அவர் மனைவிக்கும், சமையல் முறை போட்டுச் சோறு கொண்டுவந்த வெம்பிளிப் பெண்களுக்கும், அக்காவிடம் படித்து இன்று தாங்களே படிப்பிக்கும் பிள்ளைகளுக்கும், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டுப் போனவர்களுக்கும் ஒவ்வொரு பொருள் காத்திருக்கிறது. மருத்துவமனைத் தாதியருக்கு அன்பளிப்பு வாங்க விதி இடம் தராதாம். அவர்களுக்கு இந்த மலர் போகும், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் விளங்கப்படுத்தட்டும். வயோமிங் அக்காவுக்கு உரியது நேற்றே தபாலில் போய்விட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் ஒருவரும் கார்ச் சாவியைத் தேடாதீர்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து வாருங்கள். நான் எடுத்துக் கொடுக்க, சின்னம்மா தன் கையால் உங்களுக்குத் தருவார். ஐயோ எனக்கெதற்கு என்று எங்கள் வழக்கமான மரியாதையை இந்த ஒரு பின்னேரத்துக்கு மண்டப வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். சின்னம்மாவுக்கு வயதாகிவிட்டது, நீட்டிய கையோடு அவரை நிற்க வைக்காதீர்கள். நானும் அழுது களைத்துப்போனேன். இன்றைக்கு வீட்டுக்கு வெறுங்கையோடு போக ஆசைப்படுகிறேன்.