சவ்வை மறைத்த கடதாசி

“சவ்வு வேறை, மூளை வேறை. விளங்காட்டில் சும்மா இரும்” என்று என் மனுஷன் எரிந்து விழுந்தார்.

“எனக்கு விளங்க வேண்டாம். படத்தை மறைக்காமல் டாக்குத்தரிட்டைக் குடுங்கோ. அந்தாள் என்ன குருடே?” என்றேன்.

அது என் தங்கச்சி கனகாம்பிகையின் தலைப் படம். மூன்று மாதமாகத் தலையிடி, சாப்பிட்டதெல்லாம் சத்தி. 1988 ஐப்பசியில் கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கான் எடுத்து வந்தோம். ஊசி மருந்து ஏற்றி எடுத்தால் மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வு வெள்ளையாக மின்னும். கட்டி இருந்தால் அதுவும் வெள்ளைதான்.

இவர் பெயர் பஞ்சலிங்கம். இருக்கும்வரை நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் எக்ஸ்ரே படம் கழுவினார். வீட்டில் ஒரு கோப்பை கழுவியதில்லை. எக்ஸ்ரே பெட்டியில் வரும் கறுப்புக் கடதாசியைச் சவர பிளேட்டால் மூளையின் கோட்டைப் பார்த்து வெட்டி, கொழும்பிலிருந்து வரும் ஸ்கான் படத்தில் சவ்வின் மேல் ஒட்டிவிடுவார். சவ்வு மறைந்து மூளை மட்டும் தெரியும். ஆஸ்பத்திரி டாக்குத்தருக்கும் அது வசதி.

முந்தின வருஷம் வேறொருவரின் படத்தில் சவ்வில் ஒரு கீற்று மறையாமல் விடுபட்டது. டாக்குத்தர் அதைக் கட்டி என்று சொல்ல, படத்துக்குரிய பண்டத்தரிப்பு முத்துக்குமாரு ஒப்பரேஷனுக்கு மொட்டையடித்துக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினார். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்குத்தரிடம் வாங்கிய ஏச்சை இவர் மறக்கவில்லை. அதனால் தங்கச்சியின் படத்தில் ஒரு நகத்தளவு உள்ளே தள்ளி வெட்டினார்.

டாக்குத்தர் பார்த்தார். “மூளையிலை ஒண்டுமில்லை, பஞ்சலிங்கம். பீனிசமாயிருக்கும்” என்றார். நாங்கள் அவளுக்கு ஆவி பிடித்தோம். தை மாதம் அவள் செத்தாள்.

எட்டாம் நாள் சடங்குக்கு அடுத்த நாள் இவர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கடதாசியை உரித்தார். சவ்வோடு ஒட்டினாற்போல், ஆனால் மூளைக்குள், அரைப் புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளை. அந்த நகத்தளவுக்குள்தான் இருந்தது.

“தெரியுதே?” என்றார்.

“ஓம். சோறு ஆறுது, வாங்கோ.”

எனக்கு அழுகை வரவில்லை. அவரும் அழவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் முதலில் மறைக்காமல் டாக்குத்தருக்குக் காட்டுவார். அதற்குப் பின்தான் கடதாசி. தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரண்ட் நிற்கும்வரை அப்படித்தான். தொண்ணூற்று மூன்றில் அவரும் போனார்.

தங்கச்சியின் படத்தை உரித்த அன்றைக்கே அந்த பிளேட்டைக் கிணற்றடியில் புதைத்தார். பெரியகடைக்குப் போய், கோட்டோடு கோடாய் வெட்ட, வளைந்த சின்னக் கத்திரிக்கோல் ஒன்று வாங்கி வந்தார். விலை அறுபத்தைந்து ரூபா.