நேரில் வாங்க சார்

எங்கள் சைபர் பாதுகாப்புப் பயிற்சி மையத்தின் முதல்வரே, அந்த ஹவில்தாரின் சான்றிதழை நீங்கள் நிறுத்தி வைத்தது பழிவாங்கல்.

ராணுவத்தை விட்டு வந்து தஞ்சாவூரில் எங்களோடு இதைப் படிக்கிறவர், எங்களில் மூத்தவர் அவர். நீடாமங்கலத்திலிருந்து காலை ரயிலில் வருவார். ஒட்ட வெட்டிய நரைமுடி, மடிப்புக் கலையாத சட்டை. உட்காரும் முன் மேஜைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு ஒயரையும் தடவிப் பார்ப்பார்.

"குண்டு இருக்காண்ணே?" என்று கிண்டல் செய்வோம்.

"இருந்தா உன் நாற்காலிக்குக் கீழதான்டா இருக்கும்" என்பார்.

போன வாரம் செய்முறைத் தேர்வில் லேப் சர்வரின் காவல் அவர் பொறுப்பு. ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து போன் செய்தீர்கள்.

"பிரின்சிபால் பேசறேன். பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"குரல் உங்களோடதுதான் சார். குரலை நம்பிச் சொல்ல முடியாது. நேர்ல வாங்க."

முகம் சிவக்க மேலே ஓடி வந்தீர்கள். அவர் விறைப்பாக நின்று ரிஜிஸ்டரை நீட்டினார். "கையெழுத்து போடுங்க சார்." வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலையே 'கீழ்ப்படிதல் இல்லை' என்று எழுதிவிட்டீர்கள். சான்றிதழ் இல்லாமல் திங்கட்கிழமை நேர்காணலுக்கு அவர் போக முடியாது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேண்ணே" என்று ரயில் நிலையத்தில் கேட்டேன்.

"அப்புறம் எதுக்குப்பா இந்தப் படிப்பு?" என்றார். குரலில் கோபமே இல்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போனில் யார் கேட்டாலும் சொல்லாதே என்று முதல் நாள் பாடம் நடத்தியது நீங்கள்தான். அவர் சொல்லியிருந்தால் தேர்ச்சி கொடுத்திருப்பீர்களா? நாளை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.