மத்தியானம் வரை மரியா

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இருந்த காலத்தில், ஏரிக்கரையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வீட்டின் முன்னறை, உட்கார மூன்று பலகை, ஏரியைப் பார்த்து ஒரு ஜன்னல். நடத்தியவர் ஒரு விதவை. கோட்டைச் சிப்பாய் ஒருவருக்கு உள்ளூர்ப் பெண்ணிடம் பிறந்தவர். கவுன் போட்டுக்கொண்டு எங்களைப் போலவே தமிழ் பேசுவார். ஊரில் அவரைச் சட்டைக்காரம்மா என்பார்கள். கோட்டையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் காலையில் வந்து மத்தியானம் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பள்ளிக்கூடம் எப்போது, எப்படித் தொடங்கியது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சரித்திரம் அந்த ஜன்னலுக்குக் கீழே, எங்கள் படகில் தொடங்குகிறது.

நைனா ஏரிச் சேற்றில் கையால் தடவிப் பிடித்த இறாலைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் விற்கப் போவார். அவர் திரும்பும்வரை படகுக்கு நான் காவல். எனக்கு ஏழு வயதிருக்கும். அந்த நேரத்தில் ஏரியில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. தூரத்தில் பூநாரைகள் நிற்கிற இடம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். படகு தன் பாட்டுக்கு அசையும். மேலே பிள்ளைகள் ஒரே குரலில் உலாந்தா பாஷையில் ஜெபம் சொல்வார்கள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல், பாதித் தூக்கத்தில், நானும் கூடவே சொல்வேன். கொஞ்ச நாளில் முழு ஜெபமும் வாயில் ஏறிவிட்டது. மிச்சமான இறால்களுக்கு அதைச் சொல்லிக் காட்டுவேன்.

ஒருநாள் காலை சட்டைக்காரம்மா படகுத்துறைக்கு இறங்கி வந்து நைனாவை நிறுத்தினார். கோட்டையிலிருந்து பாதிரியார் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறாராம். பன்னிரண்டு பிள்ளைகள் இல்லையென்றால் மூடச் சொல்லிவிடுவாராம். கத்தரீனா என்கிற பெண் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது இருப்பது பதினொன்று.

"உம் பொண்ணை அரை நாளைக்குக் குடுக்கிறியா?" என்று கேட்டார்.

"அதுக்கு இன்னா தெரியும்மா? நண்டு எந்தப் பொந்துல இருக்குன்னு தெரியும்," என்றார் நைனா.

"சும்மா உக்காந்திருந்தா போதும்."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அதற்குள் கரையில் இறங்கி நின்றிருந்தேன்.

சட்டைக்காரம்மா என்னை உள்ளே கூட்டிப் போய்க் கை கால் கழுவிவிட்டார். ஒரு பெட்டியைத் திறந்து நீல நிறக் கவுன் ஒன்றை எடுத்தார். கற்பூர வாசனை அடித்தது. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முதுகுப் பக்கம் பொத்தான் போடும்போது அவர் விரல்கள் நின்று நின்று போயின. "மரியா," என்று முணுமுணுத்தார். அடுத்த பொத்தானுக்கும் அதையே சொன்னார். அது அந்தக் கவுனின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, "பேரு கேட்டா கத்தரீனான்னு சொல்லணும். இன்னா பேரு?" என்றார். "கத்தரீனா," என்றேன் சரியாக.

பாதிரியார் நெடுநெடுவென்று இருந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தமிழை மென்று மென்று பேசினார். வரிசையாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்து நின்றதும் அந்தக் கடினமான பெயர் எங்கோ போய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மரியா."

மரியா சட்டைக்காரம்மாவின் ஒரே மகள். முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டவள். அவளை அடக்கம் செய்து வைத்தவரே இந்தப் பாதிரியார்தான். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: பிள்ளைகள் யாரும் அசையவில்லை. சட்டைக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். பாதிரியார் என் முகத்தைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து ஒரு புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தார். "படி," என்றார். நான் ஜெபத்தை மூச்சு விடாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தேன். விரல் மட்டும் பக்கத்தின் மேல் இஷ்டப்படி ஓடியது. அவர் எதையும் திருத்தவில்லை. தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "பன்னிரண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். கோட்டையிலிருந்து வந்த அத்தனை பெரிய மனிதரை நான் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையை அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த வலையைக் கீழே போட்டாள்.

"இன்னா பேரு சொன்னே?"

"மரியான்னு."

என்னை அப்படியே இழுத்துப் போய்த் தலைக்கு ஊற்றினாள். கருவாடு விற்க ஊருக்குள் போகிறவள். யார் வீட்டில் யார் போனார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் சட்டைக்காரம்மாவே எங்கள் குப்பத்துக்கு வந்தார். பிள்ளை தினமும் வரட்டும் என்றார். நைனா, "கத்துக்கட்டுமே," என்றார். அம்மா வலையில் கிழிசலை முடிந்துகொண்டிருந்தாள். கடைசியில், "மத்தியானம் சோத்துக்கு வந்துடணும். அங்க ஒரு வாய் துன்னக் கூடாது. அந்தப் பேரு இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது," என்றாள்.

அப்படியே நடந்தது. மத்தியானம் வரை மரியா, அதற்கப்புறம் கங்கம்மா. எங்கள் படகு குப்பத்துக் கரை தட்டும்போது, நான் எதிரிலேயே நின்றாலும், அம்மா ஏரி முழுக்கக் கேட்கும்படி "கங்கம்மா" என்று கூப்பிடுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். பாதிரியார் அடுத்த தடவை வந்தபோது நான் உண்மையிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஓரிடத்தில் தடுக்கியது. இந்த முறை திருத்தினார்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. கோட்டையின் பெரிய மனிதர்கள் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறுகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒவ்வொரு வீடாகக் காலியானது. பலகைகளில் நாங்கள் நான்கு பேர் மிஞ்சினோம். பிறகு சட்டைக்காரம்மாவும் கிளம்பினார். கப்பல் கடலில் தள்ளி நின்றது. முகத்துவாரம் வரை நைனாதான் படகில் கொண்டுபோய் விட்டார். அம்மாவும் வந்தாள். அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. ஓலைப்பெட்டி நிறைய இறால் கருவாடு கொடுத்தாள். சட்டைக்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பத்திரமா போங்கம்மா," என்றாள் அம்மா.

அவர் தலையாட்டினார். பிறகு மணலில் மண்டியிட்டு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"கங்கம்மா," என்றார்.

இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. மறந்துவிட்டார் போல என்று, "மரியா," என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். இன்னொரு முறை "கங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லி, என்னை அம்மாவின் பக்கம் திருப்பி விட்டார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வலித்தன.

திரும்பும்போது ஏரி பாலாக வெளுத்துக் கிடந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நைனா கழியை ஊன்றிக்கொண்டிருந்தார். மரியா என்கிற என் பெயரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சட்டைக்காரம்மாவுக்கு என்ன கோபம்? முந்தின நாள் பாடத்தில் எந்த எழுத்தைத் தப்பாகச் சொன்னேன் என்று, வீடு வரும்வரை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.