அத்தையின் ஆபரேஷன் கண்ணாடி

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் கணவர் அரை மணி நேரத்தில் சரி என்று சொல்லிவிட்டார். ஒரு கூலிங் கிளாஸ் வாங்க அவருக்கு இருபது நாள் ஆனது.

அவர் திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அந்த இருபது நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனில் கண்ணாடி வீடியோக்களாகவே பார்த்தார். எந்தக் கம்பெனி உசத்தி, எது டூப்ளிகேட், அக்ரிலிக் எப்படி, பாலிகார்பனேட் எப்படி என்று சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குப் பாடம் நடத்தினார்.

"பிளாஸ்டிக்குல ரெண்டு மாசத்துல கீறல் உயுந்துடும். கிளாஸ்னா கிளாஸ்தான்."

"கீய உயுந்தா ஒடஞ்சிடாதா?"

"நான் இன்னாத்துக்குக் கீய போடப் போறேன்?"

கடைசியில் சென்னைக்குப் போய், நிஜக் கண்ணாடியில் செய்த ஒன்றை வாங்கி வந்தார். லென்ஸின் ஓரத்தில் கம்பெனிப் பெயர் எறும்பு அளவில் எழுதியிருந்தது. அது போதாது என்று பெரிய ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டியிருந்தது. அதை உரிக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வலது கண்ணில் ஸ்டிக்கரோடு வண்டி ஓட்டினார்.

என்னிடமும் ஒரு கூலிங் கிளாஸ் இருந்தது. மின்சார ரயிலில் விற்றுக்கொண்டு வந்தவரிடம், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வாங்கியது. என் கணவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை அது தடுக்காது, கண் கெட்டுப் போகும் என்றார். அவருடையது தடுக்குமா என்று கேட்டேன்.

"உங்க கம்பெனில அந்த லைட்டு கீதே, அதுல வச்சிப் பாரு. அப்பால பேசு" என்றார்.

நான் கும்மிடிப்பூண்டியில், வண்டிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதன்மேல் ஒருவகைப் பொடி கலந்த திரவத்தைத் தெளித்து, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே காட்டினால், விரிசல் பச்சையாக ஒளிரும். அந்த விளக்கைத்தான் அவர் சொன்னார்.

மறுநாள் காலை இரண்டு கண்ணாடிகளையும் பையில் வைத்தபோது அத்தை எட்டிப் பார்த்தார். அத்தை என்றால் என் மாமியார். ஆறு மாதம் முன்பு கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். அப்போது ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. பக்கவாட்டிலும் மறைப்பு வைத்த கண்ணாடி அது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஊரில் எங்கள் நெல் வயலைப் பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸில் உடனே சீட்டு கிடைக்கிறது என்பது அவர் கட்சி.

"என்துயும் எத்துக்கினு போ. அது இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார்.

மூன்றையும் எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் காட்டுப்பள்ளிப் பக்கத்து அக்காவைத் துணைக்கு அழைத்தேன். ஒரு தாளில் பொடித் திரவத்தைத் தெளித்து விளக்கடியில் வைத்தோம். தாள் முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. விளக்குக்கும் தாளுக்கும் நடுவில் கண்ணாடியைப் பிடித்தோம். கதிரைத் தடுத்தால் அந்த இடம் இருட்டாக வேண்டும்.

என் ரயில் கண்ணாடியைப் பிடித்தபோது தாள் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் ஒளிர்ந்தது. என் கணவருடையதில் மங்கியது. ஆனாலும் பச்சை தெரிந்தது. அத்தையுடையதைப் பிடித்ததும் தாளில் கன்னங்கரேல் என்று இரண்டு வட்டம் விழுந்தது. அக்கா சந்தேகப்பட்டு, வேலைக்குப் போடும் தன் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றிப் பிடித்தார். அதிலும் இருட்டுதான். காதில் மாட்டும் அதன் காம்பில் பாலிகார்பனேட் என்று எழுதியிருந்தது.

"அப்ப கறுப்பா இருந்தா மட்டும் பத்தாது போல கீதே" என்றார் அக்கா.

எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினேன். என் கணவர் நான்கு முறை பார்த்தார்.

"உங்க லைட்டு ரிப்பேரு" என்றார்.

அத்தை தன் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அத்தையின் கண்ணாடியைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். என் கணவர் அதற்கு முன்பே அலுவலகம் கிளம்பிப் போயிருந்தார். அவருடைய கம்பெனிக் கண்ணாடி மட்டும் டி.வி. மேல் அநாதையாகக் கிடந்தது.

சாயங்காலம் அவர் ஒரு சீப்பு வாழைப்பழம், ஆறு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "எந்தக் கண்ணு சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு வாய் தவறி "லெஃப்ட்டு" என்று வந்துவிட்டது. அதன் பிறகு யாரும் அவரிடம் ஃபைல் தரவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார்கள். குனியக் கூடாது என்று, அவர் கீழே போட்ட பேனாவைக்கூட வேறொருவர் எடுத்துக் கொடுத்தாராம். கிளம்பும்போது எல்லோருமாகச் சேர்ந்து பழமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நாளைக்கு உண்மைய சொல்லிடுங்க" என்றேன்.

"எப்பிடிம்மே சொல்றது? வாயப்பயம்லாம் வாங்கியாச்சே" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் அவர் அதைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார். அன்று அத்தை பொறுக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நேராக அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதிலேயே மகனுக்குக் கண் ஆபரேஷனா என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

"அவனுக்கு எங்கம்மா ஆபரேஷனு? எனுக்குத்தான் ஆபரேஷனு" என்றார் அத்தை. பிறகு மகனிடம் போய்க் கையை நீட்டினார். "குடு நைனா. கயனிக்குப் போவணும், வெயில் ஏறிக்கினு கீது."

என் கணவர் கழற்றிக் கொடுத்தார். அத்தை அங்கேயே போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அலுவலகத்தில் சிரித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனதாம். நடந்ததை என் கணவர் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டு, வீடியோவையும் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் கையில் பழம் இல்லை. ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் பதினொரு கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் யாருடையது என்று நூல் கட்டிச் சீட்டு எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித் தருவியாம். மேனேஜரோடதும் கீது" என்றார்.

மேனேஜருடையதை எடுத்துப் பார்த்தேன். அது கூலிங் கிளாஸே இல்லை. பேப்பர் படிக்கும் கண்ணாடி. அதையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, தடுக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.