ஆல்டனா மரீனோவா

ஒடீலியா பெட்டன்கோர்ட்டுக்கு ஒரு முடிவும் எடுக்க வராது என்பது டுலேரியில் பால் பண்ணை வைத்திருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் தெரியும். கோயிலில் உறுதிபூசுதல் சடங்குக்காகப் புனிதர் ஒருவரின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மூன்று வாரத்தில் நான்கு பேரை மாற்றினாள். ஆயர் நெற்றியில் எண்ணெய் பூச வந்து நின்று என்ன பெயர் என்று கேட்டதற்கு, "நீங்களே ஒண்ணு வச்சிருங்க சாமி" என்றாளாம். அவர் வாயில் வந்தது ஸ்கொலாஸ்டிகா. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது சிரித்தால் இன்றும் அவளுக்குக் கோபம் வரும், தானே யோசித்து வைத்துக்கொண்ட பெயரைப் போல.

இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டிய ஊர்க் கல்லூரியில் நான்கு வருடம் இருந்தாள். முதலில் நர்ஸ் படிப்பு. ரத்தத்தைப் பார்த்ததும் கணக்கியலுக்கு ஓடினாள். அங்கே தூக்கம் வந்ததால் வரலாறு, பிறகு உயிரியல். படிப்பு போக, அப்பா அடலீனோவின் பண்ணையில் விடிகாலையில் கன்றுகளுக்குப் பால் கொடுப்பது அவள் வேலை. எந்தக் கன்று சரியாகக் குடிக்கவில்லை, எதற்குக் காய்ச்சல் என்று தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவாள். அவளுடைய குழப்பமெல்லாம் அவளுடைய காரியத்தில் மட்டும்தான்.

ஏப்ரலில் இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் வருடத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று இரண்டுமே சொல்லின. ஆல்டன் வீட்டிலிருந்து காரில் இருபத்தைந்து நிமிடம். கால்நடைப் படிப்பு. இதுவரை படித்த எல்லாப் பாடங்களையும் ஏற்றுக்கொண்டார்கள், இரண்டே வருடத்தில் பட்டம். மரீனோ ஐந்து மணி நேரம் தள்ளி, கடற்கரையில். அங்கே விண்ணப்பத்தில் என்ன படிப்பு என்ற கேள்விக்கு எதிரே 'இன்னும் தீர்மானிக்கவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் டிக் அடித்துவிட்டாள். அவர்கள் ஐந்து பாடங்களைத் தள்ளிவிட்டார்கள். ஆக மூன்று வருடம். புத்தியுள்ளவர்கள் இணையத்தில் ஆல்டனுக்குச் சம்மதம் சொல்லும் பட்டனை அன்று மாலையே அமுக்கியிருப்பார்கள். ஜூன் முதல் தேதி வரை அவகாசம் என்று வேறு போட்டிருந்தார்கள். ஒடீலியாவுக்கு அவகாசம் கொடுப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

கல்லூரியில் மாற்றல் ஆலோசகர் மிஸ் யாங்கிடம் நான்கு முறை போனாள்.

"இங்க பாரு ஒடீலியா, எந்தப் பாடத்தை எங்க எடுத்துக்குவாங்கன்னுதான் நான் சொல்ல முடியும். மத்ததெல்லாம் உன் பாடு."

"நீங்களா இருந்தா எங்க மிஸ் போவீங்க?"

"நானா இருந்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மிஸ் யாங் அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

இரண்டு இடங்களையும் போய்ப் பார்த்தாள். ஆல்டனில் கால்நடைப் பேராசிரியர் கையைக் குலுக்கி, "அடலீனோ பொண்ணா, அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று கேட்டார். காபிக் கடையில் கல்லாவில் இருந்தவள் இவள் பங்குக் கோயிலில் பாடுகிற பெண். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மரீனோவில் கண் தெரியாத மூடுபனி. காரைத் தப்பான இடத்தில் நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினாள். உப்பில்லாத சூப்பைக் குடித்தாள். வழி தெரியாமல் நூலகப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டுப் பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் படிக்கட்டையே நினைத்துக்கொண்டு வந்தாள். அது பயமா ஆசையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்த வெள்ளைப் பலகை யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பண்ணையிலும், பால் கறக்கும் கொட்டகையை ஒட்டி ஒரு சிறிய அலுவலக அறை இருக்கும். அதன் சுவரில் பெரிய பலகை. எந்த மாடு சினை, எது இன்று நாளை என்று நிற்கிறது, எதற்குப் பால் வற்றிவிட்டது எல்லாம் அதில்தான். ஒடீலியா அதன் வலது மூலையில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆல்டன், அந்தப் பக்கம் மரீனோ என்று எழுதினாள். உள்ளே வருகிற ஆளுக்கு ஒரு ஓட்டு என்று மேலே எழுதியும் வைத்தாள். ஒரு கோடு போட்டால் போதும்.

தீவன லாரி ஓட்டும் கிளின்ட்தான் முதலில் போட்டார். "மரீனோ. அங்க மீனு நல்லாருக்கும் பாப்பா."

"மீன் திங்கவா அண்ணே படிக்கப் போறேன்? மூணு வருஷம் ஆகும்."

"அப்ப ஆல்டனுக்குப் போ."

"ஆல்டன்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும் அண்ணே."

கிளின்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு லாரிக்குப் போனார். யார் எந்தப் பக்கம் போட்டாலும் அவள் மற்றதற்குப் பரிந்து பேசினாள். சினை ஊசி போடுகிறவர் ஆல்டனுக்குப் போட்டு, வீட்டுச் சோறு உடம்புக்கு நல்லது என்றார். பால் கறக்கும் ஒக்டாவியோ மரீனோவுக்குப் போட்டான். "நீ போனா கன்னுக்குட்டி வேலையும் எனக்குத்தான் தங்கச்சி, கையில நாலு காசு கூட வரும்" என்று மறைக்காமல் சொன்னான். அம்மா லூர்டெஸ், மரீனோவில் தங்கள் பாஷையான போர்த்துகீசில் பூசை உண்டா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்ததும் ஆல்டனுக்கு ஒரு கோட்டை அழுத்திப் போட்டாள். மாட்டு டாக்டர், பால் வண்டிக்காரர், வழி கேட்க வந்த அந்நியர் ஒருவர், எல்லாரும் போட்டார்கள். வேறு எதற்கும் இப்படி ஒற்றுமையாகக் கை கொடுக்காத ஊர் இது.

அடலீனோ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர் அவர். மகளுக்கு இது ஏன் இத்தனை பாடு என்று அவருக்குப் புரியவேயில்லை. ஆனால் தினமும் காலை ஐந்து மணிக்கு, கன்றுப் பாலைக் கலக்க அவள் வரும்போது, பலகை முன்னால் நின்று பேஸ்பால் ஆட்டத்துக்குச் சொல்வதைப் போல எண்ணிக்கையை வாசிப்பார். மே முப்பத்தொன்றாம் தேதியும் வாசித்தார்.

"ஆல்டன் இருபத்தி நாலு. மரீனோ பதினாறு."

"ம்" என்றாள் ஒடீலியா.

"நாளைக்குத்தானே கடைசி நாள்?"

"ஆமாப்பா."

"அப்ப ஆல்டன்தான்னு வச்சுக்கலாம்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். எட்டு ஓட்டு வித்தியாசம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கன்றுகளிடம் சொல்லிக்கொண்டே பால் கொடுத்தாள். ஒரு கன்றுக்கு இரண்டு தடவை கொடுத்துவிட்டாள்.

அன்று பத்து மணிக்கு மாட்டுக் குளம்பு வெட்டும் வேர்ன் வந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வருகிற மனிதர். அவருக்கு ஓட்டும் தெரியாது, கோடும் தெரியாது. அன்று குளம்பு வெட்ட வேண்டிய மாடுகளின் எண்களை எழுத இடம் வேண்டுமென்று வலது மூலையை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டார். அம்மா காபியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்தபோது அங்கே நாற்பத்தேழு மாட்டு எண்கள் நின்றன. தீவனம் இறக்க வந்திருந்த கிளின்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். வேர்ன் துணியைப் பின்னால் மறைத்தார்.

"போகட்டும், கடைசியா எவ்வளவுடி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"மரீனோ இருபத்தி நாலு" என்றாள் ஒடீலியா. "ஆல்டன் பதினாறு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. காது மடல் சுட்டது. காலை எண்ணிக்கை தெரிந்தது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும். அப்பா வாசற்படியில் நின்று காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்படியா? நீங்கதான தெனமும் எண்ணுவீங்க, சொல்லுங்க."

அடலீனோ கலக்குவதை நிறுத்தவில்லை. சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். ஒடீலியா தரையைப் பார்த்தாள். இப்போது அப்பா இல்லை என்று சொல்லிவிட்டால் தான் ஆல்டனுக்குப் போய்விடுவோம், பிறகு வாழ்நாள் முழுக்க இந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த முதல் விஷயம் அது.

"மரீனோதான் முன்னால இருந்துச்சு" என்றார் அடலீனோ. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் கன்றுத் தொழுவத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அப்பா, நான் பொய் சொன்னேன். காலையில நீங்களே வாசிச்சீங்க."

"வாசிச்சேன்."

"அப்புறம் ஏம்ப்பா நீங்களும்..."

"நான் பொய் சொல்லல." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "ஆல்டன்ல ஒம்பது கோடு நான் போட்டது. நீ வர்றதுக்கு முன்னாடி, காலைக்கு ஒண்ணா. அதை எடுத்துட்டா பதினஞ்சுதான். மரீனோவுக்குப் பதினாறு."

ஒடீலியா அழுதாள். அழுதுகொண்டே, "ஆளுக்கு ஒரு ஓட்டுன்னுதானேப்பா எழுதியிருந்தேன்" என்றாள்.

"படிச்சேன்" என்றார் அவர். "போ, போயி அந்தப் பட்டனை அமுக்கு. ஒக்டாவியோவை இங்க வரச் சொல்லு. எந்தக் கன்னு எப்படிக் குடிக்கும்னு அவனுக்கு நான்தான் காட்டிக் குடுக்கணும்."